புல்தரைப் பராமரிப்பு: கூலியைக் கணக்கிடும் முறை
(சுயவேலைவாய்ப்புப் பயிற்சி பெறும் இளைஞர்களிடையே ஆற்றிய உரை)



தில்லி, சண்டிகர் போன்ற வட இந்திய நகரங்களில் வீடுகள், பள்ளிகள், அலுவலகங்கள் ஆகியவற்றின் புல்தரைகளைப் பராமரிப்பது சிறு முதலீட்டில் தொடங்கத்தக்க தொழிலாகும். 2015-இல் தொடங்கப்பெற்ற முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெறலாம். எனவே கருவி வாங்குவது பெருந்தடை அன்று. விலை கூறுவதிலேயே பலரும் இடறுகின்றனர்.

ஓர் உதாரணம் காண்போம். தொழில் முனைவோரும் ஓர் உதவியாளரும் சேர்ந்து உழைக்கின்றனர். மாதச் செலவு: தம் உழைப்புக்கு ரூ. 22,000, உதவியாளர் ஊதியம் ரூ. 20,000, எரிபொருள், பழுதுபார்ப்பு ரூ. 3,000, போக்குவரத்து ரூ. 3,000, கருவித் தேய்மானமும் கடன் வட்டியும் ரூ. 1,500. ஆக மொத்தம் ரூ. 49,500. உதவியாளர் ஊதியம் அந்தந்த மாநிலம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறையலாகாது.

மாதம் 25 நாள், நாளொன்றுக்கு எட்டு மணி என 200 மணி நேரம் இருப்பினும், பயணம், கருவிப் பராமரிப்பு, பணம் வசூல் ஆகியவை போக, புல் வெட்டக் கிடைப்பது ஏறத்தாழ 132 மணியே. ஆகவே, மணிக்கு அடக்கவிலை ரூ. 375.

பக்கத்துத் தெருக்காரர் மணிக்கு ரூ. 225 வாங்குகிறார் என்று நீங்களும் அதையே கேட்டால், வரவு ரூ. 29,700. பிற செலவுகள் ரூ. 27,500 போக, உங்கள் உழைப்புக்கு எஞ்சுவது ரூ. 2,200 மட்டுமே! கடன் தவணை நிற்பது இங்கேதான்.

பருவத்தையும் கருத வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை அறுகு விரைந்து வளரும். வாரந்தோறும் வெட்ட வேண்டும். ஒருமுறைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் புல் நலிவுறும். குளிர்காலத்திலோ வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். வெட்டுக்கு இவ்வளவு எனப் பேசினால் அம்மாதங்களில் வருவாய் இராது. எனவே ஆண்டு ஒப்பந்தமே ஏற்றது. மழைக்காலத்தில் 13, குளிர்காலத்தில் 3, ஏனைய மாதங்களில் 13 என 29 வருகைகள். வருகைக்கு இரண்டு மணி எனில் 58 மணி. அடக்கம் ரூ. 21,750, மாதத்திற்குச் சுமார் ரூ. 1,800. இதன்மேல் இலாபம் சேர்த்துப் பன்னிரண்டு சம தவணைகளாகப் பெறுக. குளிர்காலத்து ஓய்வு நேரத்தைப் பூச்செடிப் பாத்திகளுக்குப் பயன்படுத்துக.

கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: இயந்திரத்தின் விலைப்பட்டியலோடு இந்த மணிக்கணக்கையும் கேளுங்கள். தம் உழைப்புக்கு விலையிடத் தெரிந்தவரே பிறருக்கும் வேலை அளிக்க இயலும்.