பெயர்ப் புணர்ச்சியும் அரைக்குலக் கணக்கும்

(கோவில்பதாகையில் பெயர்சூட்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெயர்சூட்டு விழாவில் கணக்கைப் பற்றிப் பேசப்போகிறான் என்றதும் சிலர் முகத்தில் கலக்கம் தோன்றுகிறது. அஞ்சற்க. கரும்பலகையும் இல்லை, தேர்வும் இல்லை. ஆனால் பெயர் வைப்பதில் இன்று கணக்கின் பெயரால் ஓர் ஏமாற்று நடக்கிறது. அதை உடைக்க மெய்யான கணக்கே வேண்டியிருக்கிறது. ஆகவேதான் இத்தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

கணக்கியலில் 'அரைக்குலம்' என்றோர் அமைப்பு உண்டு. சில பொருள்களின் தொகுதி ஒன்றை எடுத்துக்கொள்க. அவற்றுள் இரண்டை இணைத்தால் அத்தொகுதிக்குள்ளேயே மற்றொன்று கிடைக்கவேண்டும். மூன்றை இணைக்கும்போது முதலிரண்டை முன்னே சேர்த்தாலும், கடையிரண்டை முன்னே சேர்த்தாலும் விடை ஒன்றாகவே வரவேண்டும். இவ்விரண்டே நிறைவேறினால் போதும், அஃது அரைக்குலம். முழுக்குலத்துக்கு இன்னும் இரண்டு வேண்டும்: சேர்த்தாலும் எதையும் மாற்றாத ஓர் உறுப்பு, ஒவ்வொன்றின் விளைவையும் நீக்கவல்ல ஓர் எதிருறுப்பு. இவை இல்லாமையால்தான் 'அரை' என்னும் அடைமொழி. பிரெஞ்சு அறிஞர் தெ செகியே 1904-இல் இப்பெயரை இட்டார். 1928-இல் சோவியத்து நாட்டுச் சுசுக்கேவிச்சும், 1951-இல் இங்கிலாந்தின் கிரீனும் இத்துறையை வளர்த்தனர். குலம் என்றதும் சாதி நினைவு வருகிறதெனில், அது சொல்லின் பிழையன்று. நாம் வாழும் குமுகாயத்தின் பிழை.

இனி நம் மொழிக்கு வருவோம். தமிழின் முதலெழுத்துகள் 30. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எழுதி எழுதிச் சேர்த்தால் கிடைக்கும் கோவைகள் அனைத்தும் ஓர் அரைக்குலம். எந்தக் கோவை சொல்லாகும், எந்த எழுத்து மொழிமுதல் வரும், இரு சொல் சேரும்போது எது தோன்றும், எது திரியும், எது கெடும் என்று வரையறுத்தவர் தொல்காப்பியர். கணக்கறிஞர் இருபதாம் நூற்றாண்டில் கோவைகளின் இணைப்பை ஆராய்ந்தனர்; நம் இலக்கணியர் புணரியல் என்று ஓர் இயலே வகுத்து வைத்தனர். அரைக்குலத்தையே அவர்கள் கண்டுவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவ்வாறு மிகைபடச் சொல்வது நமக்குப் பெருமை தாராது. இணைப்புக்கு நெறியுண்டு என்பதைத் தெளிவாகக் கண்டனர், அதுவே பெரிது.

இவ்வூரின் பெயரையே பாருங்கள். கோவில்பதாகை என்றால் கோவிலின் கொடி என்று சொற்பொருள் கொள்ளலாம். முன்பின் மாற்றிப் பதாகைக்கோவில் என்றால் கொடியையுடைய கோவில். உறுப்புகள் அவையே, பொருள் வேறு. கூட்டலில் 3-உம் 5-உம் எப்படிச் சேர்ந்தாலும் 8. பெயரில் அவ்வாறில்லை. மணிமொழி வேறு, மொழிமணி வேறு.

சேர்க்கும் முறையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. செந்தமிழ்ச்செல்வன் என்னும் பெயரைக் கொள்வோம். செம்மையையும் தமிழையும் முன்னே சேர்த்துப் பின்னர்ச் செல்வனைச் சேர்த்தால், செந்தமிழுக்குச் செல்வன். தமிழ்ச்செல்வனை முன்னே ஆக்கிச் செம்மையைப் பின்னர் அடைகொடுத்தால், செம்மை வாய்ந்த தமிழ்ச்செல்வன். எழுத்தில் இரண்டும் ஒன்றே. ஒற்று மிகுவதும் ஒன்றே. பொருளில்தான் வேறுபாடு. செம்பொன்பதின்தொடி என்று பழைய உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டை நீங்கள் அறிவீர்கள். செம்பொன்னாலான பத்துத் தொடியா, செம்பாலான ஒன்பது தொடியா? எழுத்து சொல்லாது, ஒலிக்கும் முறைதான் சொல்லும் என்றார் தொல்காப்பியர். எழுத்துக்கோவை அரைக்குல நெறிக்கு அடங்கும். பொருள் அதற்கு மேலும் ஒன்றைக் கேட்கும். பெயர் வைப்பவர் இரண்டையும் பார்க்கவேண்டும்.

ஓர் அமைப்பிலிருந்து மற்றோர் அமைப்புக்கு, இணைப்பைக் கெடுக்காமல் உறுப்புறுப்பாக மாற்றிக் கொண்டுசெல்லுதலும் இக்கணக்கின் உயிரான பகுதி. நம் இயக்க வரலாற்றில் அதற்கு இரண்டு ஒளிமிக்க சான்றுகள் உள்ளன. சூரிய நாராயண சாத்திரியார் (1870–1903) தம் பெயரைப் பரிதிமாற்கலைஞர் என்றாக்கினார். சூரியன் பரிதியாயிற்று, நாராயணன் மால் ஆயிற்று, சாத்திரி கலைஞர் ஆயிற்று. வரிசை குலையவில்லை, லகரம் றகரமாய்த் திரிந்தது தமிழ்ப் புணர்ச்சி செய்த வேலை. 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய சுவாமி வேதாசலம் மறைமலையடிகளானார். வேதம் மறை, அசலம் மலை, சுவாமி அடிகள். இங்கே ஒன்றை நோக்குங்கள். முன்னின்ற சுவாமி பின்னே போய் அடிகளாயிற்று. கணக்கறிஞன் இதை வரிசை பிறழ்ந்தது என்பான். தமிழறிந்தவன் தமிழ் இயல்புக்கு வந்தது என்பான்.

நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், இராமையா அன்பழகன் ஆனதும் வேறு வகை. அவை பெயர்ப்பு அல்ல; புதுப்படைப்பு. பிறந்த குழந்தைக்கு இந்த இரண்டாம் வகையே ஏற்றது என்பது என் எண்ணம். வளர்ந்தவர்க்குத்தான் பழைய பெயர் ஒன்று இருக்கிறது, பெயர்ப்பதற்கு. குழந்தைக்கு என்ன இருக்கிறது? வடசொற் பெயரை முன்னே நினைத்து அதை மொழிபெயர்த்து வைப்பது பிறர் வீட்டு அடுப்பில் சமைத்து நம் கலத்தில் இடுவது போன்றது. நம் தோழர்களிடமும் ஒரு குறை உண்டு. ஐந்து சொல் புணர்ந்த பெயரை ஆர்வத்தால் வைத்துவிடுகிறார்கள். தாயே அதை முழுதும் அழைப்பதில்லை. பள்ளிக்குப் போகுமுன்னே அது 'சிட்டு' என்றோ 'குட்டி' என்றோ குறுகிவிடுகிறது. இரண்டு சொல் போதும்.

இனி, நான் சொன்ன ஏமாற்றுக்கு வருகிறேன். பெயரெண் பார்ப்போர் என்று தெருவுக்குத் தெரு பலகை மாட்டியிருக்கிறார்கள். அவர்கள் செய்வது என்ன? நம் பெயரை முதலில் ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். ழகரம் போயிற்று, ஒற்று போயிற்று, நெடில் குறில் வேறுபாடு போயிற்று. பின்னர் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்துக் கூட்டி, கிடைத்த எண்ணின் இலக்கங்களை மீண்டும் மீண்டும் கூட்டி, 1 முதல் 9 வரையில் ஒன்றாகக் குறுக்குகிறார்கள். இது 9 ஆல் வகுத்து மீதி காண்பதேயன்றி வேறில்லை. மீதி இல்லையேல் 9 என்பர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய கணக்கு.

இதுவும் ஓர் அரைக்குலத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் மாற்றமே. ஆனால் எங்கே கொண்டுசேர்க்கிறது? முன்பின் உள்ள பெயரை, முன்பின் இல்லாத கூட்டலுக்குள் தள்ளுகிறது. மணிமொழிக்கும் மொழிமணிக்கும் ஒரே எண். எழுத்துகளைக் குலுக்கிப் பொருளற்ற ஓசையாக்கினாலும் அதே எண். பொருள் வரிசையில் வாழ்கிறது. இக்கணக்கு வரிசையைத்தான் முதலில் கொல்கிறது. உலகிலுள்ள எத்தனையோ நூறு கோடி மக்களும் ஒன்பதே கூடைக்குள்! ஒரே கூடையில் அரசனும் இருப்பான், அவனால் சிறையிடப்பட்டவனும் இருப்பான்.

இன்னொன்றும் கேளுங்கள். ஆங்கில 'ஏ' எழுத்துக்கு அவர்கள் தரும் மதிப்பு 1. ஆகவே எந்தப் பெயரின் கடையிலும் 'ஏ' எழுத்தைக் கூட்டிக்கொண்டே போனால், 8 எழுத்துக்குள் எவரையும் விரும்பிய எண்ணுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஓர் 'ஏ' சேர்த்து எழுதினால் நல்வாழ்வு வரும் என்று கட்டணம் வாங்குவது இந்தச் சிறு கூட்டலுக்குத்தான். தமிழில் எழுதும்போது அந்தப் பெயர் சற்றும் மாறாமல் இருக்கும். அவர்களுடைய நல்வாழ்வு ஆங்கிலத்தில் மட்டும் வரும்போலும்!

தந்தை பெயரின் முதலசையையும் தாய் பெயரின் முதலசையையும் ஒட்டிப் புதுப்பெயர் ஆக்கும் வழக்கமும் பெருகி வருகிறது. அன்பின் விளைவுதான், மறுக்கவில்லை. ஆனால் முதலசையை மட்டும் எடுத்தால் சொல் போய்விடும். எடுத்ததிலிருந்து பழைய சொல்லை மீட்க வழியில்லை. மீட்க வழியில்லாத இடத்தில்தான் கட்டுக்கதை நுழையும். ஆவடி என்பதே படைத்துறை ஊர்தித் தொழிலகத்தின் ஆங்கிலப் பெயருடைய முதலெழுத்துகளின் கூட்டு என்று இங்கே பலர் நம்புகிறார்கள். பேராயக் கட்சியின் ஆவடி மாநாடு நடந்தது 1955-இல். கனரக ஊர்தித் தொழிற்சாலை எழுந்தது 1960-களில். முதலெழுத்துகளைக் கொடுத்தால் எவரும் எதையும் விரித்துக்கொள்ளலாம் என்பதற்கு வெளியூர் போய்ச் சான்று தேடவேண்டா.

கடைசியாக எதிருறுப்பு. குலத்தில் சேர்த்ததை மற்றொன்றைச் சேர்த்து நீக்கிவிடலாம். பெயர் இணைப்பில் அது முடியாது. பெயரோடு சாதிப்பட்டத்தை ஒட்டியபின், அதை அழிக்கவல்ல வேறு பட்டம் எங்கும் இல்லை. விட்டொழிப்பது ஒன்றே வழி. நமக்கு அண்மையிலுள்ள செங்கற்பட்டில் 1929-இல் கூடிய தன்மதிப்பு இயக்க மாநாடு சாதிப்பட்டங்களை விடச் சொன்னது. பலர் அங்கேயே விட்டனர்.

இந்த அரைக்குலத் துறையிலேயே நம் அண்டையில் ஒரு பேரறிஞர் வாழ்ந்தார். கேரளத்தைச் சேர்ந்த கே. எசு. எசு. நம்பூதிரிப்பாடு (1935–2020). ஒழுங்குடைய அரைக்குலங்களின் கட்டமைப்பைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு 1979-இல் அமெரிக்கக் கணக்கியற் கழக வெளியீடாக வந்தது. 1980-இல் அவர் வெளியிட்ட ஒரு வரிசைமுறை உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர் அறிவின்முன் தலைவணங்குகிறேன். ஆனால் வழங்கும் அப்பெயர் எது? பெற்றோர் இட்ட பெயர் முன்னெழுத்துக்குள் மறைந்தது; குலப்பட்டம் கணக்கியற் சொல்லாயிற்று. இராமானுசனை எண்ணிப் பாருங்கள். ஐயங்கார் என்னும் பட்டமும் அவர் பெயரோடு எழுதப்பட்டதுண்டு. எனினும் தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக வைக்கும் நம் வழக்கால், சீனிவாசன் முன்னே நிற்க, இராமானுசன் என்னும் அவர் சொந்தப் பெயரே நிலைத்தது. வடசொல்தான், ஆயினும் அவருடைய பெயர்.

பெற்றோர்க்கு ஒரு நடைமுறைச் செய்தி. பிறப்பைப் பதிந்தபின் பெயரை அப்பதிவில் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் இல்லை. அதன்பின் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். ஆகவே மருத்துவமனையில் கேட்டார்கள் என்று பதறி, பலகை மாட்டியவரிடம் ஓடவேண்டா. இரண்டு மூன்று பெயரை எழுதி வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரும் உரக்க அழைத்துப் பாருங்கள். தமிழ் எழுத்திலேயே, தந்தை தாய் பெயரின் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதி, பதிவு அலுவலகத்தில் கொடுங்கள். இப்போது குழந்தையை மேடைக்குக் கொண்டுவருமாறு தாயாரை அழைக்கிறேன்.