எரிவாயுத் தொட்டிக்கு நிலம் எங்கே?

(சப்பிரகமுவத் தோட்டப் பகுதிக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



அரசியல் மேடையில் அடுப்பங்கரைப் பேச்சு எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். 2022 ஏப்ரல் இறுதியில் 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியபோது நகைத்தவர் எவருமிலர். 2021இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பெற்ற நாட்கூலி 1,000 ரூபாய். ஏறத்தாழ ஐந்து நாட் கூலி ஒரு சிலிண்டருக்குள் அடங்கிற்று! பட்டணத்தார் வரிசையில் நின்றனர். நம் தாய்மாரோ வழக்கம்போல் மிலாற்றுக் கட்டைத் தலையில் சுமந்து லயத்துக்கு வந்து, புகையில் கண் கசக்கினர்.

குப்பையிலிருந்து எரிவாயு எடுப்பது மாயவித்தை அன்று. பம்பாய் மாட்டுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 1897இலேயே கழிவுத் தொட்டி வாயுவைச் சேர்த்துப் பயன்படுத்தினர். காற்றுப் புகாத தொட்டியில் பழஞ்சோறும் மரக்கறித் தோலும் இட்டு நீர் கலந்தால், ஒருவகை நுண்ணுயிர்கள் அவற்றைக் கரைத்து அமிலமாக்கும்; வேறொரு வகை அந்த அமிலத்தை வாயுவாக்கும். அவ்வாயுவில் சுமார் 60 சதவீதம் எரியக்கூடிய மெதேன். முன்னவை விரைந்து உழைப்பவை, பின்னவை நிதானக்காரர். சோற்றை அளவின்றிக் கொட்டினால் தொட்டி புளித்து, வாயு நின்றுபோகும்.

இங்கேதான் கடதாசி துணை செய்கின்றது. நைதரசன் ஒரு பங்குக்குக் காபன் இருபது முதல் முப்பது பங்கு இருத்தல் நலம். உணவுக் கழிவில் காபன் இதற்குக் குறைவாக இருப்பதுண்டு. கடதாசியில் அது மிக அதிகம். அதனை நறுக்கி ஊறவைத்து, சாணக் கரைசலோடு சேர்த்திடல் வேண்டும். அலுவலகக் கடதாசி எளிதிற் செரிக்கும். செய்தித்தாளில் மரச்சத்து மிகுதியாதலால் தாமதமாகும். நமது வார இதழும் இவ்விதிக்கு விலக்கன்று!

முப்பத்தைந்து பாகை வெப்பத்தில் இந்நுண்ணுயிர்கள் நன்கு உழைக்கும். நுவரெலியாக் குளிரிலும் பார்க்க, இரத்தினபுரி, கேகாலைத் தாழ்நிலத் தோட்டங்கள் இதற்கு ஏற்றவை.

ஆயினும் கணக்கை மறைத்தல் நேர்மையாகாது. ஒரு கிலோ உணவுக் கழிவு ஏறக்குறைய நூறு லீற்றர் வாயு தரும். ஒரு குடும்பத்தின் சமையலுக்கு நாளொன்றுக்கு ஆயிரம் லீற்றருக்கு மேல் வேண்டும். நாள்தோறும் பத்துக் கிலோ உணவை எறியும் வீடு எந்த லயத்தில் உண்டு? எறிவதற்கு முதலில் உண்ண மிஞ்ச வேண்டுமே! ஆகவே வீட்டுக்கொரு தொட்டி என்பார் பேச்சை நாம் ஏற்பதற்கில்லை. பலாங்கொடை, இறக்குவானை, யட்டியாந்தோட்டைச் சந்தைக் கழிவும், உணவுச்சாலை மிச்சமும், பாடசாலைக் கடதாசியும், மாட்டுச் சாணமும் ஒருங்கே சேரும் பொதுத் தொட்டியே வேண்டும். அதன் வாயு முதலிற் பிள்ளை மடுவத்து அடுப்புக்குச் செல்லட்டும். எஞ்சும் கரைசல் உரமாகும்; 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது பட்ட பாட்டைக் கமக்காரர் மறவார்.

இதனை அமைப்பவர் யார்? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குட் பணி செய்யத் தடையாய் நின்றது. 2018இல் அது திருத்தப்பட்டது. இனிச் சட்டத்தைக் காட்டிச் சபைகள் ஒதுங்க முடியாது. ஆனால் தொட்டிக்கு நிலம் வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் காட்டைத் தேயிலையாக்கிய மக்களுக்கு, ஒரு குழி வெட்டவும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவைப்படுகின்றது. நிலவுரிமை கேட்கும் நமக்கு அடுப்பும் ஒரு சாட்சி.

எனவே இரண்டு கோரிக்கைகள் கொண்ட மனுவொன்றை எழுதியுள்ளோம்: பொதுத் தொட்டிக்குச் சபையின் நிதி, அதற்கெனத் தோட்டத்தில் எழுத்து மூலம் ஒதுக்கப்படும் நிலம். மனு வாயிலருகே மேசைமீது இருக்கின்றது. தாய்மார்கள் முதலிற் கையொப்பமிடுமாறு வேண்டுகின்றோம்.