கழித்த கிழங்கின் கணக்கு



இன்று பட்டம் பெறும் நீங்கள் நான்கு ஆண்டுகள் விதையையும் மண்ணையும் படித்தீர்கள். நான் அறுவடைக்குப் பிறகு நடப்பதைப் பற்றிப் பேசப்போகிறேன். உருளைக்கிழங்கைத் தோண்டி எடுத்ததோடு உழவரின் பாடு முடிகிறது. விலை முடிவாவது அதற்குப் பிறகு, மண்ணை உதிர்த்து, பெரிது சிறிது பிரித்து, வெட்டுப்பட்டதையும் பச்சை பூத்ததையும் ஒதுக்கிவிட்டு மூட்டை கட்டும் இடத்தில். அந்த இடத்தில்தான் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு குடும்பத் தொழில் பிறந்தது.

அதைத் தொடங்கிய ஜாக் சிம்ப்ளாட் 1909-இல் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. 14 வயதில் வீட்டைவிட்டு வெளியேறி, டெக்லோ என்ற சிற்றூரில் ஒரு விடுதியில் தங்கினார். அங்கே தங்கியிருந்த ஆசிரியர்களுக்குச் சம்பளம் ரொக்கமாக வரவில்லை, கடன் பத்திரமாக வந்தது. அவற்றைத் தள்ளுபடி விலைக்கு வாங்கி முதல் சேர்த்தார். பன்றி விலை விழுந்து கிடந்தபோது பன்றிகளை வாங்கினார். யாரும் வாங்காத கழிசல் கிழங்கைக் காட்டுக் குதிரை இறைச்சியோடு வேகவைத்துப் போட்டு வளர்த்து, விலை ஏறியதும் விற்றார். அந்தப் பணம் அவரைக் கிழங்கு சாகுபடிக்குக் கொண்டுவந்தது.

1928-இல், மின்சாரத்தில் ஓடும் தரம் பிரிக்கும் இயந்திரம் ஒன்றைக் கூட்டாக வாங்கினார். தம் கிழங்கைப் பிரித்து முடித்ததும், கூலிக்கு அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களின் கிழங்கையும் பிரித்துக் கொடுத்தார். கூட்டாளிக்கு அது பிடிக்கவில்லை. இயந்திரம் யாருக்கு என்பதைக் காசு சுண்டிப் பார்த்து முடிவு செய்தார்கள். சிம்ப்ளாட் வென்றார். 1940 வாக்கில் முப்பதுக்கு மேற்பட்ட கிடங்குகளில் அவருடைய ஆட்கள் கிழங்கைப் பிரித்து மூட்டை கட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

காசு சுண்டிய கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என் மனம் நிற்பது வேறிடத்தில். கிழங்கை விளைவித்தவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள். இயந்திரம் ஒருவரிடம் இருந்தது. எது முதல் தரம், எது கழிவு என்று சொல்லும் இடம் யார் கையில் இருக்கிறதோ, லாபத்தின் பெரும்பங்கும் அங்கே போய்ச் சேர்கிறது. ஆகவே அந்த இடம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் கையில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உங்களில் பலர் அந்த நிறுவனங்களில் வேலைக்குப் போவீர்கள். உரம் வாங்கி விற்பதோடு நின்றுவிடாதீர்கள்.

அடுத்து சிம்ப்ளாட்டின் உலர்த்தும் ஆலை. 1941-இல் ஐடஹோவின் கால்ட்வெல்லில் வெங்காயம் உலர்த்தத் தொடங்கிய ஆலை, போர் வந்ததும் ராணுவத்துக்கு உலர் உருளைக்கிழங்கு அனுப்பியது. சந்தையில் தோற்றத்துக்காகத் தள்ளப்படும் கிழங்கும் தோலுரித்து உலர்த்திவிட்டால் நல்ல உணவுதான். மலைமலையாகக் குவிந்த தோல் கால்நடைத் தீவனமாயிற்று. ரே டன்லப் என்ற வேதியியலாளர் கிழங்குத் துண்டுகளை உறையவைத்துப் பார்க்கலாம் என்றபோது, உருகினால் கூழாகிவிடும் என்று முதலாளியே நம்பவில்லை. ஆனாலும் கருவி வாங்கிக் கொடுத்தார். ஆய்வாளரைத் தடுக்காத அந்தப் பண்பை நான் மிகவும் மதிக்கிறேன். உறைந்த வறுவல் பிறந்தது. 1967-இல் மெக்டொனால்ட்ஸின் ரே கிராக்குடன் சிம்ப்ளாட் கைகுலுக்கி ஒப்பந்தம் பேசினார்.

இந்த வரலாற்றில் கறையும் உண்டு. 1976 மே மாதம், நியூயார்க் சந்தையில் மெய்ன் மாநிலக் கிழங்கை முன்பேர ஒப்பந்தத்தில் விற்றிருந்த சிம்ப்ளாட் உள்ளிட்ட சிலர், சொன்ன தேதியில் சரக்கைக் கொடுக்கவில்லை. சுமார் 1,000 ஒப்பந்தங்கள், ஒவ்வொன்றும் 50,000 பவுண்டு. அந்தச் சந்தையின் பெயரையே அது உலுக்கியது. கையால் கிழங்கைப் புரட்டிப் பார்த்து வளர்ந்த மனிதர், கண்ணில் காணாத கிழங்கைக் காகிதத்தில் விற்று விழுந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமே மேலிடுகிறது. அவர் 2008-இல், 99 வயதில் மறைந்தார். நிறுவனம் இன்றும் குடும்பத்தின் கையில், பங்குச் சந்தைக்கு வராமலே இருக்கிறது.

நீலகிரிக் கிழங்கு மலையிறங்கி மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு வருகிறது. அங்கேயும் பிரிக்கிறார்கள், ஏலம் விடுகிறார்கள், கழிக்கிறார்கள். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அங்கே போய்க் கழித்துப் போட்ட குவியலை எடைபோடுங்கள். வெட்டுக்காயம் அதிகமா? தோண்டும் முறையைப் பாருங்கள். பச்சை அதிகமா? செடிக்கு மண் அணைத்தது போதவில்லை, அல்லது தோண்டிய கிழங்கு வெளிச்சத்தில் கிடந்திருக்கிறது. அழுகலா? ஈரத்தோடு மூட்டை கட்டினார்களா என்று விசாரியுங்கள். சிறு கிழங்கு மட்டும் மிஞ்சினால், அதை வாங்கிச் சமைக்கும் விடுதிகளைத் தேடுங்கள். அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, மண்டிக்காரரிடம் கொடுப்பதற்கு முன், மூட்டையைக் கொண்டுவந்த உழவரிடம் கொடுங்கள்.