பிடிமண்ணும் புரவியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



கலை விழா என்ற சொல்லைக் கேட்டதும் மேடையும் ஒலிபெருக்கியும் பரிசுக் கேடயமும் கண்முன் வருகின்றன. கைவினைக் கண்காட்சி என்றால், விலைச்சீட்டு ஒட்டிய பொருள்கள் வரிசையாக அடுக்கப்பட்ட கூடம் நினைவுக்கு வருகிறது. இரண்டிலும் செய்து முடிந்த பொருளே காட்சிக்கு வருகிறது. செய்தவரின் கை பெரும்பாலும் திரைக்குப் பின்னேயே நின்றுவிடுகிறது. செய்தலையே விழாவின் முதற்பகுதியாகக் கொண்டு, செய்தவரையே பூசாரியாகவும் நிறுத்திய வழக்கம் ஒன்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் உண்டு. அதுவே புரவி எடுப்பு.

புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை மாவட்டங்களிலும் அவற்றை அடுத்த பகுதிகளிலும் இவ்விழா நடைபெறுகிறது. அய்யனார் ஊர்க்காவல் தெய்வம். கண்மாய்க் கரையிலோ ஊர் எல்லையிலோ மரச்செறிவின் நடுவே, பூரணை, புட்கலை என்னும் தேவியர் இருவரோடும் கருப்பர் முதலிய பரிவார தெய்வங்களோடும் அவர் கோயில் கொண்டிருப்பார். இரவு நேரத்தில் புரவியேறி எல்லையைச் சுற்றி வந்து ஊரைக் காக்கிறார் என்பது மக்கள் நம்பிக்கை. காவலுக்குப் புறப்படுபவருக்குக் குதிரை வேண்டும். அக்குதிரையை ஊர் தருகிறது. ஊருக்காக அதனை வேளார் மண்ணால் செய்கிறார். மழை பொழியவும் விளைச்சல் பெருகவும் நோய் தீரவும் நேர்ந்துகொண்ட குடும்பங்கள் தத்தம் பொருட்டும் புரவி எடுப்பதுண்டு.

விழா தொடங்குவது ஊர்வல நாளில் அன்று. பல வாரங்களுக்கு முன்னர், பிடிமண் கொடுக்கும் நாளில். ஊர்ப் பெரியவர்கள் கூடி, இவ்வாண்டு புரவி எடுப்பது என முடிவு செய்து, வெற்றிலை பாக்கோடும் காணிக்கையோடும் ஒரு பிடி மண்ணை வேளாரிடம் தருகின்றனர். அதனைப் பெற்றுக்கொண்ட பின்னரே வேலை தொடங்கும். ஒரு பிடி மண்ணால் குதிரையின் ஒரு குளம்புகூட முழுமை பெறாது. வேண்டிய மண் வேறு. அது வண்டி வண்டியாக வந்து சேரும். ஆயினும் அந்த ஒரு பிடி இல்லாமல் மற்ற மண்ணுக்குப் பொருள் இல்லை. கடைக்காரரிடம் கொடுக்கும் முன்பணம் பொருளுக்கு ஈடு. பிடிமண்ணோ, 'எங்கள் மண்ணை உம் கையில் ஒப்படைத்தோம்' என்று ஓர் ஊர் ஒரு கலைஞனிடம் சொல்லும் சொல். கலை, கேட்கப்படும்போதுதான் பிறக்கிறது என்னும் உண்மையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சடங்கு வேறு உண்டோ?

இனிச் செய்யும் முறை. கண்மாயின் களிமண்ணைக் காயவைத்து, உடைத்து, கல்லும் வேரும் நீக்கி, மணலும் உமியோ வைக்கோலோ கலந்து மிதித்துப் பதப்படுத்துவர். மண்ணைப் பக்குவப்படுத்துவதில் வேளார் வீட்டுப் பெண்களின் உழைப்புப் பெரிது. ஊர்வலத்தின் பெருமை பேசப்படும்போது அவ்வுழைப்பு பேசப்படுவதில்லை. குதிரை பெரிதாகையால் அதனைச் சக்கரத்தில் முழுதாக வனைய இயலாது. நான்கு கால்களும் முதலில் உள்ளீடற்ற குழல்களாக எழும்பும். உட்புறம் கல்லை அணைகொடுத்து, வெளிப்புறம் மரப்பலகையால் தட்டித் தட்டி மண்சுவரை இறுக்குவர். கால்கள் ஓரளவு உலர்ந்து பளு தாங்கும் நிலையை அடைந்த பிறகே வயிறு, வயிறு இறுகிய பிறகே கழுத்து, தலை கடைசியில்.

இவ்வரிசையில் அவசரத்துக்கு இடமில்லை. ஈரம் மிகுந்திருந்தால் கால் வளையும். மிகவும் காய்ந்துவிட்டாலோ, மேலே வைக்கும் புதுமண் பழைய மண்ணோடு ஒட்டாது. இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தப் பதத்தை அறிவது வேளாரின் விரல்நுனி. உடலின் உட்புறம் வெற்றிடமாக விடப்படும். ஆங்காங்கே துளைகளும் இருக்கும். ஈரமும் வெப்பமும் வெளியேற வழியில்லையானால் உருவம் சூளையிலேயே வெடித்துப்போகும். உள்ளே வெற்றிடம் இல்லாத குதிரை தீயைத் தாங்காது. கவிதை எழுதுவோர்க்கு இது விளக்கம் வேண்டாத செய்தி.

பெரிய உருவங்களைச் சூளைக்குத் தூக்கிச் செல்வது அரிது. ஆகவே நின்ற இடத்திலேயே விறகும் வைக்கோலும் வறட்டியும் சூழ அடுக்கி, மேலே சேறு பூசிச் சுடுவதும் உண்டு. சுட்டெடுத்த பின் வெள்ளை பூசி, வண்ணம் தீட்டி, சேணமும் மணியும் மண்ணிலேயே பெற்ற புரவி எழுந்து நிற்கும். அதனருகே சிறு காணிக்கைகள் பலவும் உருவாகும். பிள்ளை வேண்டியவர்க்கு மதலை. மாடு பிழைத்தவர்க்கு மாடு. கைநோவு தீர்ந்தவர்க்கு மண்கை. கண் தெளிந்தவர்க்கு மண்கண். ஊரின் துன்பங்கள் யாவும் ஒரு முற்றத்தில் மண்ணுருக் கொண்டு காய்கின்றன.

மண் வனைவோர்க்கும் விழாவுக்கும் உள்ள இவ்வுறவு நேற்று வந்ததன்று. நற்றிணையின் 200ஆம் பாடலில், நொச்சி மாலை சூடிய முதிய குயவர் நீண்ட தெருவில் நடந்து, ஊர்க்கு விழாவை அறிவித்துச் செல்கிறார். பாடியவர் கூடலூர்ப் பல்கண்ணனார். அதே நூலின் 293ஆம் பாடலில் கயத்தூர் கிழார் காட்டும் முதிய குயவர் பலியிடுபவராகவே நிற்கிறார். புறநானூற்றின் 228ஆம் பாடலில் ஐயூர் முடவனார், மறைந்த சோழன் கிள்ளிவளவனுக்குத் தாழி வனையவேண்டிய குயவரை முன்னிலைப்படுத்திப் பாடுகிறார். மன்னனின் புகழ் பெரிது. அதற்கேற்ற தாழியை எங்ஙனம் வனைவாய் என்பதே புலவரின் கேள்வி. சங்கப் புலவர் வரிசையில் வெண்ணிக் குயத்தியார் என்னும் பெயரும் இடம்பெற்றுள்ளது. சொல்லை வனைவோரும் மண்ணை வனைவோரும் ஒரே அவையில் இருந்த காலம் அது. இக்காலத்தில், மதுரைப் பகுதி வேளார் பற்றி ஆராய்ந்த ஸ்டீபன் இங்கிலிஸ் 1984இல் அளித்த ஆய்வேட்டில், அவர்களைப் படைப்போராகவும் தெய்வத்தன்மை ஏற்றுவோராகவும் ஒருங்கே கண்டார். நற்றிணைப் பாடல்கள் காட்டியதும் ஏறத்தாழ அதையே.

அந்த ஒருமை வெளிப்படும் இடம் கண் திறப்பு. புரவிக்கு எல்லா உறுப்பும் அமைந்த பின்னும் கண் மட்டும் காத்திருக்கும். வேளார் அதனைத் திறந்ததும், அதுவரை கைவேலையாக நின்ற மண் தெய்வத்தின் ஊர்தியாகிறது. தாம் செய்ததைத் தாமே கும்பிடும் நிலை அவருடையது. அக்கணத்துக்குப் பிறகு அந்தப் புரவியில் அவருக்கு உரிமை ஏதுமில்லை.

பின்னர் ஊர்வலம். பல ஊர்களில் அது இரண்டு நாள் நிகழ்ச்சி. முதல் நாள், செய்த இடத்திலிருந்து ஊர் மந்தைக்குப் புரவிகள் வந்து சேரும். மறுநாள் மந்தையிலிருந்து கோயிலுக்குப் புறப்படும். சிவகங்கைப் பகுதியின் சில ஊர்களில் அரண்மனைப் புரவி முன்னே செல்ல, நேர்த்திக்கடன் புரவிகள் பின்தொடரும். புத்தாடை போர்த்தி மாலையிட்ட புரவியை மரக்கட்டைகளில் பிணைத்துத் தோளில் சுமப்பர். மற்ற நாளில் குதிரை மனிதனைச் சுமக்கிறது. அன்று மனிதர் குதிரையைச் சுமக்கின்றனர். வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் ஒருவர் கால் தவறினாலும் பல வார உழைப்பு உடைந்துவிடும். ஆகவே சுமப்போர் அனைவரும் ஒரே அடியில் நடக்கக் கற்றாக வேண்டும்.

கோயிலை அடைந்ததும் புரவிகள் இறக்கி வைக்கப்படும், வழிபாடு முடியும், மக்கள் திரும்பிவிடுவர். அதன் பின் நிகழ்வதுதான் இவ்விழாவின் மிக ஆழமான பகுதி. புரவிகள் வெட்டவெளியில் விடப்படுகின்றன. புதுக்கோட்டை மாவட்டம் நமணசமுத்திரத்தை அடுத்த இளங்குடிப்பட்டி அய்யனார் கோயில் வழியில், இருமருங்கும் நெருங்கி நிற்கும் மண்குதிரைகளைக் காண்போர் இதனை உணர்வர். புதியவை வண்ணம் மாறாமல் நிற்கும். சற்றுப் பழையவை வெளிறி நிற்கும். அவற்றுக்கும் முந்தியவை காதும் காலும் இழந்து சாய்ந்திருக்கும். அவற்றினிடையே ஓடுகளாகிப் புல்லுக்குள் கிடப்பவை எந்தத் தலைமுறையின் வேண்டுதல்களோ! உடைந்ததை ஒட்டவைப்பது பொதுவாக வழக்கமில்லை. புதியதைச் செய்வதே வழக்கம்.

இது அலட்சியமா? அன்று. குதிரை அழிவதால்தான் மீண்டும் பிடிமண் கொடுக்க நேர்கிறது. பிடிமண் கொடுப்பதால்தான் வேளாரின் மகன் கால் எழுப்பும் பதத்தைத் தந்தையின் அருகே நின்று கற்கிறான். இவ்விழா காத்துவந்தது குதிரையை அன்று. குதிரை செய்யும் கையை. ஒரு பொருளை என்றென்றும் காப்பது ஒரு வகைச் செல்வம். அப்பொருளை எப்போது வேண்டுமானாலும் மறுபடி செய்யவல்ல கையைக் காப்பது அதனினும் பெரிய செல்வம்.

அந்தக் கைக்கு இன்று இடர் வந்துள்ளது. பல கோயில்களில் மண்புரவியின் இடத்தைச் சிமெண்டுக் குதிரை பிடித்திருக்கிறது. ஒருமுறை செய்தால் பல்லாண்டு நிற்கும். செலவும் ஒரு தடவையோடு போகும். ஊரார் அதனை விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் சிமெண்டுக் குதிரை நிற்கும் கோயிலில் மறுபடி யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கேட்பது நின்றால் கற்பதும் நிற்கும். ஆளுயரப் புரவியை எழுப்பும் வித்தை, பத்துப் பதினைந்து ஆண்டு இடைவெளி விழுந்தால், ஒரு தலைமுறையோடு மறைந்துபோகக் கூடியது.

நிலைத்த உருவமே கூடாது என்பதும் பொருளன்று. புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் முன் 30 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் ஒரு குதிரை தாவி நிற்கிறது. அது ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்படுவதன்று. எனினும் மாசிமகத் திருவிழாவில் மக்கள் பெரும் பெரும் காகிதப்பூ மாலைகளைக் கொண்டுவந்து அதற்குச் சாத்துகின்றனர். நிலைத்த குதிரைக்கும் ஆண்டுதோறும் வாடும் மாலை ஒன்றைக் கட்டுவதற்கு அவ்வூர் வழி கண்டுள்ளது. கைக்கு வேலை தராத பக்தி அங்கும் நிறைவு பெறவில்லை.

மற்றோர் இடர் மண்ணைப் பற்றியது. கண்மாயில் மண் எடுக்க முறையான அனுமதி வேண்டும். 2024இல், விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியரிடமே அனுமதி பெற்றுக் கட்டணமின்றி வண்டலும் களியும் எடுக்கத் தமிழக அரசு வழிசெய்தது. நல்ல செய்தியே. ஆயினும் அனுமதிச் சீட்டு மண்ணைத்தான் தரும். பிடிமண்ணை ஊர்தான் தரவேண்டும்.

ஊரும் குற்றமற்றதன்று. முதல் மரியாதை யாருக்கு என்னும் பூசலால் புரவி எடுப்பு ஆண்டுக்கணக்கில் நின்றுபோன ஊர்கள் உண்டு. எல்லா ஊர்களிலும் எல்லாத் தோள்களும் சமமாக ஏற்கப்பட்டதில்லை. கோயிலில் பூசாரியாக வணங்கப்படும் வேளார், ஊர்வலம் முடிந்த மறுநாள் கூலிக்காகத் திண்ணையோரம் காத்திருந்த கதைகளும் உண்டு. இவற்றை மறைத்துவிட்டு விழாவைப் புகழ்வது, துளையில்லாத குதிரையைச் சூளையில் வைப்பது போன்றதே.

இக்கலையை நகரத்தாரும் மதிக்கத் தொடங்கியுள்ளனர். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் அய்யனாரும் மண்குதிரைகளும் இடம்பெற்றுள்ளனர். கண்மாய்க் கரையைக் காணாத பிள்ளைகள் அங்கே புரவியைக் காண்கின்றனர்; அது நன்று. ஆனால் அங்குள்ள குதிரையை யாரும் தோளில் சுமந்து வரப்பில் நடந்ததில்லை. அதற்காக எந்த ஊரும் மழை வேண்டியதில்லை. அருங்காட்சியகம் உருவத்தைக் காக்கும். உறவைக் காப்பது அதன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது.

பத்தாண்டு கண்ட ஓர் இலக்கிய வட்டத்தின் விழாவில் மண்குதிரையைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று எவரேனும் வினவலாம். பத்தாண்டு நிறைவில் மலர் வெளியிடுவது மரபு. மலர் நூலகத்தில் நிற்கும். அட்டை கெட்டியாக இருந்தால் நீண்ட நாள் நிற்கும். ஆனால் வட்டத்தின் உயிர் மலரில் இல்லை. கூட்டந்தோறும் படிக்கப்பட்டு, விவாதிக்கப்பட்டு, அச்சேறாமலே மறைந்துபோன கவிதைகளில் இருக்கிறது அது. அவை இளங்குடிப்பட்டி வழியில் சாய்ந்து கிடக்கும் பழைய புரவிகளைப் போன்றவை. அவை வீண்போகவில்லை, அடுத்த கவிதையை எழுதும் கையை உண்டாக்கிவிட்டுத்தான் மண்ணாயின.

ஆகவே பதினோராம் ஆண்டின் வாயிலில் இவ்வட்டத்தின் முன் நிற்கும் கேள்வி ஒன்றே: அடுத்த பிடிமண்ணை யார், யாரிடம் கொடுப்பது? பின்வரிசையில் பல மாதங்களாகப் பேசாமல் அமர்ந்திருக்கும் ஓர் இளைஞர் இருக்கக்கூடும். சுவடியைப் பையிலிருந்து எடுக்காமலே வீடு திரும்பும் ஒரு பெண்மணி இருக்கக்கூடும். அவர்களிடம் சென்று, 'அடுத்த கூட்டத்துக்கு உங்கள் கவிதை வேண்டும்' என்று மூத்த கவிஞர் ஒருவர் கேட்பாரானால், அதுவே பிடிமண். பாராட்டைவிட அந்தக் கேள்வி அவர்களுக்குப் பெரிய மரியாதை. புரவி தானே எழுந்து நிற்கும்.