மோட்சக் கூலியும் மனித ஒழுக்கமும்

(தரங்கம்பாடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்பமும் ஒழுக்கமும் உள்ள வாழ்வு எது என்பதைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறார்கள். இது பெரிய பண்டிதர்கள் பேச வேண்டிய விஷயமென்று சிலர் நினைக்கலாம். நாம் பண்டிதரல்ல, பள்ளிக்கூடத்து வாசற்படியை அதிக நாள் மிதித்தவருமல்ல. கையில் கிடைத்ததைப் படித்து, கண்ணில் பட்டதை யோசித்து, சரியென்று தோன்றியதைச் சொல்லி வருகிறோம், அவ்வளவுதான். ஆகவே நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் அறிவென்னும் தராசில் போட்டு நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்தால் தள்ளிவிடுங்கள்.

இங்கு வரும் வழியில் பொறையாற்றில் ஒரு பெரியவர் நம்மை நிறுத்தி, "ஏன் தம்பி, சாமியும் இல்லை, மோட்ச நரகமும் இல்லை என்கிறீர்களே, அப்புறம் எவன் திருடாமல் இருப்பான்?" என்றார். நாம், "ஐயா, நரகம் இல்லையென்று நாளைக் காலையில் தங்களுக்கு ருசுவாகிவிட்டால், அடுத்த வீட்டு நெல்லை அள்ளிக்கொண்டு வருவீர்களா?" என்று கேட்டோம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னை யாரென்று நினைத்தீர்கள்? என் புத்தி அப்படிப் போகுமா?" என்றார். "அதைத்தான் ஐயா நாமும் சொல்லுகிறோம். தங்களைத் தடுப்பது நரகமல்ல, தங்கள் மானமும் புத்தியும்தான்" என்றோம். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

தோழர்களே! அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி புதிதல்ல. அது முந்நூறு வருஷங்களுக்கு முன் இந்தத் தரங்கம்பாடியிலேயே எழுந்த கேள்வி. தஞ்சை இரகுநாத நாயக்கரின் அனுமதியோடு 1620-ல் டேனிஷ்காரர் இங்கே கோட்டை கட்டினார்கள். டேனிஷ் அரசர் அனுப்பிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1706-ல் இங்கே வந்திறங்கினார். எதற்கு வந்தார்? இருளில் கிடக்கும் 'அஞ்ஞானி'களுக்கு ஒழுக்கத்தையும் மோட்சத்தையும் காட்ட வந்தார். அதற்காகத் தமிழ் படித்தார். ஓலைச் சுவடிகளைத் தேடித் தேடி வாங்கினார். படித்துப் பார்த்தால், அஞ்ஞானிகளின் வீட்டிலே நீதி நூல்கள் குவிந்து கிடக்கின்றன! மனிதர் நேர்மையானவர். கண்டதை மறைக்கவில்லை. நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் 1708-லேயே ஜெர்மன் பாஷையில் மொழிபெயர்த்தார். தமிழரைக் காட்டுமிராண்டிகள் என்று எண்ணியது தவறு என்றும் எழுதினார்.

அந்த மொழிபெயர்ப்புகளின் கதி என்ன தெரியுமா? 1930-ல் காலண்ட் என்ற டச்சு அறிஞர் அச்சிட்டபோதுதான் அவை புத்தகமாக உலகத்தின் பார்வைக்கு வந்தன. இருநூற்றிருபத்திரண்டு வருஷம்! நம்மவர் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-ல் எழுதிய பெரிய நூலும் நெடுங்காலம் அச்சேறவில்லை. அவருக்கு மேலிருந்து யோசனை சொல்லிவந்த ஹாலே நகரத்துக் குருவான ஃபிராங்கே என்பவர், பாதிரிகளை அனுப்பியது இந்தியாவில் அஞ்ஞானத்தை ஒழிக்கவே தவிர, அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கல்ல என்ற கருத்தைச் சொன்னதாகச் சரித்திரக்காரர்கள் கூறுகிறார்கள்.

அதே ஹாலே நகரத்தில் 1721-ல் நடந்ததையும் கேளுங்கள். கிறிஸ்டியன் வோல்ஃப் என்ற தத்துவ ஆசிரியர் சர்வகலாசாலையில் ஒரு பிரசங்கம் செய்தார். சீனாவில் கன்பூசியஸைப் பின்பற்றுகிறவர்கள் எந்த வேதத்தின் உதவியுமின்றி, மனித அறிவைக் கொண்டே நல்லொழுக்கத்தைக் கண்டிருக்கிறார்கள் என்றார். அவ்வளவுதான் சொன்னார். மதக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். 1723-ல் பிரஷ்ய அரசர், 48 மணி நேரத்திற்குள் நாட்டைவிட்டு ஓடாவிட்டால் தூக்கு என்று உத்தரவு போட்டார். பதினேழு வருஷங்கள் கழித்து, அந்த அரசர் செத்து மகன் பட்டத்துக்கு வந்த பிறகுதான் வோல்ஃப் ஹாலேக்குத் திரும்பினார்.

ஒழுக்கத்திற்குக் கடவுள் காரணமல்ல என்று சொன்னால் ஏன் இவ்வளவு ஆத்திரம்? ஒழுக்கம் என்னும் சரக்கு தங்கள் கடையில் மட்டுமே கிடைக்குமென்று வியாபாரம் செய்கிறவனிடம், "அது எல்லார் வீட்டுக் கொல்லையிலும் விளைகிறது" என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

சிலர் உடனே, "அந்தத் தமிழ் நீதி நூல்களிலும் கடவுள் வருகிறாரே" என்பார்கள். வருகிறார், நாம் மறைக்கவில்லை. ஆனால் சீகன்பால்குவின் கடவுள் வேறு, உலகநீதிக்காரரின் கடவுள் வேறு. இருவரும் பொய், களவு, கொலை கூடாது என்பதில் ஒன்றாக நிற்கிறார்கள். கடவுள் மாறியும் நீதி மாறவில்லையென்றால், நீதி கடவுளிடமிருந்து வரவில்லை. மனிதர் கூடி வாழ்ந்த அனுபவத்திலிருந்து வந்தது என்பதுதானே அர்த்தம்? அந்த நூல்களில் சொன்னதெல்லாம் சரியென்றும் நாம் வாதாடவில்லை. பெண்ணை அடக்குவதும் பிறவியில் உயர்வு தாழ்வு பேசுவதும் எந்த நூலில் இருந்தாலும் தள்ள வேண்டியவையே.

சரி, கடவுள் ஒன்றேயானால் ஒழுக்கமாவது ஒன்றாக இருந்ததா? சீகன்பால்கு ஓர் ஏழை விதவைக்காகப் பரிந்து பேசியதால் மூண்ட தகராறில், அவரை நாலு மாதம் சிறையில் அடைத்தவர் அவருடைய மதத்தையே சேர்ந்த டேனிஷ் கோட்டைத் தலைவர்தான். சீகன்பால்கு செத்த பிறகு, இதே தரங்கம்பாடிச் சபையில் இராஜநாயக்கன் என்ற உபதேசியாருக்குக் குருப்பட்டம் கொடுக்கும் பேச்சு வந்தது. அவர் பறையர் குலத்தவரென்பதால், அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்களென்று தள்ளி, 1741-ல் வேறொருவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். கோயிலில் நிற்கும் சாதி தேவாலயத்திலும் போய் உட்கார்ந்துகொண்டது!

கோயில் பக்கம் வருவோம். கோயில்கள் ஒழுக்கத்தை விளைவிக்குமானால், காவேரிக் கரையைப் போல் ஒழுக்கம் விளைந்த பூமி உலகத்திலேயே இருக்கக்கூடாது. ஆனால் இந்த டெல்டாவில்தான், 1968 டிசம்பர் 25 இரவில், கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். சுற்றிலும் இத்தனை கோபுரங்கள் இருந்தும் ஒரு கோபுரமாவது குறுக்கே வந்து நின்றதா?

அப்படியானால் ஒழுக்கம் எங்கேதான் இருக்கிறது? 2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கி வந்து, அப்போதைய நாகை மாவட்டத்தில் மாத்திரம் 6,000-க்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்றே, அன்று பார்த்தோம். முன்பின் தெரியாத மனிதர்கள் ஓடிவந்து பிணங்களை எடுத்தார்கள், குழி தோண்டினார்கள், சோறு பொங்கிப் போட்டார்கள். பிணத்தின் மதத்தையும் கேட்கவில்லை. மோட்சத்தில் இதற்கென்ன கூலி என்று கணக்கும் பார்க்கவில்லை. அதுதான் ஒழுக்கம்.

நீங்கள் கடைமடைக்காரர்கள், உங்களுக்கு இது நன்றாக விளங்கும். இராத்திரியில் மடையை அடைத்துத் தன் வயலுக்கு மட்டும் தண்ணீரைத் திருப்பிக்கொண்டு, காலையில் சாமிக்குக் குடம் குடமாக அபிஷேகம் செய்கிறவன் பக்திமான். தன் வயல் நனைந்ததும் மடையைத் திறந்து கீழே உள்ளவனுக்கு விடுகிறவன் ஒழுக்கமுள்ளவன். இருவரில் யார் அடுத்த வயல்காரனாக வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி இன்பத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கிரேக்க தேசத்தில் சுமார் 2,300 வருஷங்களுக்கு முன் எபிகூரஸ் என்பவர் ஒரு தோட்டத்தில் கூடிப் பேசினார். பெண்களையும் அடிமைகளையும் கூடச் சேர்த்துக்கொண்டார். தெய்வ பயமும் மரண பயமும் ஒழிந்து, எளிய உணவும் நல்ல நண்பர்களும் இருந்தால் அதுவே இன்பம் என்றார். அவரைத் தின்று குடித்துத் திரியச் சொன்னவரென்று எதிரிகள் பழி கூறினார்கள். நம் நாட்டு லோகாயதருக்கும் அதே பழிதான்! நாம் எபிகூரஸோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுகிறோம். பக்கத்து வீட்டில் அடுப்பு எரியாதபோது நம் வீட்டுப் பாயசம் இனிக்காது. ஆதலால் தனி இன்பம் என்று ஒன்றில்லை. பிறர் துன்பத்தைக் குறைக்கும் வேலை எதுவோ அதுவே ஒழுக்கம். அதைச் செய்தவன் மனதில் எழுவதே இன்பம். இரண்டும் ஒரே வாய்க்காலின் தண்ணீர்.

கடைசியாக நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. சாமியில்லை என்று சொல்லிவிட்டதாலேயே ஒருவன் யோக்கியனாகிவிட மாட்டான். மேடையில் பகுத்தறிவு பேசிவிட்டு வீட்டில் மனைவியை அடிக்கிறவனும், ஆளுக்குக் கூலியைக் குறைக்கிறவனும், மகன் கலியாணத்தில் சாதி பார்க்கிறவனும் நமக்கு வேண்டாம். நரகத்திற்குப் பயந்து நடக்கிறவன் ஒரு தடவை தவறினால் அவனை மன்னிக்கவாவது கடவுள் இருக்கிறார். நமக்கு மன்னிக்க ஒருவருமில்லை. நம்மால் துன்பப்பட்டவனிடம்தான் நாம் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் மற்றவர்களைவிட நமக்கே ஒழுக்கம் அதிகமாக வேண்டும்.

இவற்றை வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால், நாளைக் காலையில் உங்கள் மடையிலிருந்தே தொடங்குங்கள்.