நான்கு மணி நேரத் தொலைவு



திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 3000 கிலோமீட்டர். துபாயும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஒன்று கிழக்கே, மற்றது மேற்கே. இரண்டுக்கும் விமானத்தில் நான்கு மணி நேரம், சற்று முன்னே பின்னே ஆகும். கடிகாரம்தான் குழப்பும். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது. அங்கே ஏறுகிற பிள்ளை, கடிகாரக் கணக்கில் ஒன்றரை மணி நேரத்தில் திருச்சியில் இறங்கிவிடுகிறான். துபாய்ப் பிள்ளைக்கோ அதே பயணம் ஐந்தரை மணி நேரமாகத் தெரிகிறது. அப்புறம் முசிறி வழியாகத் தொட்டியம் வந்து சேர இன்னும் 60 கிலோமீட்டருக்கு மேல்.

புனித சவேரியார் 1541 ஏப்ரல் 7 அன்று லிஸ்பனில் கப்பல் ஏறினார். கோவாவில் இறங்கியது 1542 மே 6. பதின்மூன்று மாதங்கள்! தோழர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்களுடைய கையொப்பங்களை வெட்டியெடுத்துக் கழுத்தில் அணிந்திருந்தாராம். அவரைத் திரும்பி வரச் சொல்லிப் புனித இஞ்ஞாசியார் உரோமையிலிருந்து கடிதம் எழுதிய நாள் 1553 ஜூன் 28. சவேரியாரோ முந்தைய டிசம்பர் 3 அன்றே சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்துபோயிருந்தார். அந்தச் செய்தி உரோமைக்கு இன்னும் எட்டவில்லை. எட்ட வழியும் இல்லை.

நமக்கு வழி இருக்கிறது. சட்டைப்பையிலேயே கைப்பேசி இருக்கிறது. ஆனாலும் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தால், "தம்பிகிட்ட சொல்லாதீங்க, அங்க தனியா கெடந்து கவலைப்படுவான்" என்கிறோம். தினமும் வீடியோவில் பேசுகிறோம். அம்மா படுத்த படுக்கையாக இருப்பதை மட்டும் மறைக்கிறோம். அன்பினால்தான் மறைக்கிறோம், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கடைசியில் அவனுக்குப் போகிற முதல் செய்தியே சாவுச் செய்தியாகிவிடுகிறது. அதற்குப் பிறகு முதலாளியிடம் விடுப்பு, டிக்கெட்டுக்குக் கடன் என்று அலைகிறான். இங்கே குளிர்ப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "பெத்த புள்ள இன்னும் வரலையே" என்று நாமே முணுமுணுக்கிறோம்.

பெத்தானியாவின் மார்த்தாவும் மரியாவும் அப்படி மறைக்கவில்லை. சகோதரர் இலாசர் நோயுற்றபோதே யோர்தானுக்கு அப்பால் இருந்த இயேசுவுக்கு ஆள் அனுப்பினார்கள். வா என்றுகூடக் கட்டாயப்படுத்தவில்லை. நீர் அன்பு செய்கிறவன் நோயுற்றிருக்கிறான் என்று மட்டும் தெரிவித்தார்கள். இயேசு வந்தபோது அடக்கம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. மார்த்தா எதிர்கொண்டு போய் மனத்தாங்கலை முகத்துக்கு நேரே சொன்னாள். அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. மரியாவும் உடன் இருந்தவர்களும் அழுவதைக் கண்டு தாமும் கண்ணீர் விட்டார்.

அடக்கத்துக்குப் பிறகு வந்து இறங்கும் பிள்ளைகள் நம் பங்கிலும் உண்டு. பெட்டியை வாசலில் வைத்த கையோடு அவர்கள் கேட்பது, கல்லறைக்கு யாராவது கூட வருகிறீர்களா என்பதுதான். அப்போது உடன் போவோம். ஏன் தாமதம் என்று அன்றைக்குக் கேட்க வேண்டாம். இன்று இரவு பிள்ளைகளிடம் பேசும்போது, அம்மாவின் சர்க்கரை அளவையும் அப்பாவின் மருத்துவர் சொன்னதையும் உள்ளபடி சொல்லிவிடுவோம்.