வீட்டுக் கணினியில் வகுப்பின் விவரங்கள்

(இராஜாக்கமங்கலத்தில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டுக் கணினியை வைரஸிடமிருந்து காப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்கு எங்கோ வெளிநாட்டுக் கதை தேவையில்லை. நமக்குப் பக்கத்தில் கூடங்குளத்தில் நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

2019 செப்டம்பர் 4-ஆம் தேதி, மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அங்குள்ள கணினி ஒன்றில் தீய மென்பொருள் இருப்பதைக் கவனித்து, இந்திய அணுமின் கழகத்துக்குத் தெரிவித்தது. அக்டோபர் கடைசியில் செய்தி வெளியே வந்தபோது, நிலையத்தின் தரப்பில் முதலில் மறுத்தார்கள். மறுநாள், அக்டோபர் 30-ஆம் தேதி, உண்மைதான் என்று அணுமின் கழகமே அறிக்கை கொடுத்தது. அணு உலையை இயக்கும் கணினிகள் தனியாகப் பிரிக்கப்பட்டவை, அவை பாதிக்கப்படவில்லை. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்காக இணையத்தில் இணைந்திருந்த ஒருவருடைய கணினி.

அதிலிருந்தது டிட்ராக் என்ற உளவு மென்பொருள் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். விசைப்பலகையில் நாம் தட்டுவதை அது பதிவு செய்யும். எந்தெந்தத் தளங்களுக்குப் போனோம் என்று பார்க்கும். வட்டிலுள்ள கோப்புகளைப் பட்டியல் எடுக்கும். இவ்வளவும் நடக்கையில் கணினி வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடினால்தான் உளவுக்கு வேலை நடக்கும். கூடங்குளத்திலும் தகவல் வெளியிலிருந்துதான் வந்தது. ஆகவே, 'என் சிஸ்டம் நல்லாத்தான் ஓடுது' என்பதை மட்டும் வைத்து நிம்மதியாக இருக்க முடியாது.

'என்னிடம் திருட என்ன சார் இருக்கிறது?' என்று கேட்கிறார்கள். எமிஸ் கடவுச்சொல் இருக்கிறது. களஞ்சியம் கடவுச்சொல் இருக்கிறது. உதவித்தொகைக்காக இரவு உட்கார்ந்து தட்டச்சு செய்த பட்டியல் இருக்கிறது: நாற்பது பிள்ளைகளின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், பெற்றோரின் செல்பேசி எண். அவை நம்முடைய பொருள் அல்ல, நம்மை நம்பித் தந்தவை. கடலுக்குப் போகும் ஒருவரின் வீட்டுக்கு ஒருவன் போன் செய்து, பிள்ளையின் பெயர், வகுப்பு, கணக்கு எண் எல்லாம் சரியாகச் சொல்லி, 'ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்கம்மா' என்று கேட்டால் அந்தத் தாய் நம்பத்தானே செய்வார்?

சரி, எப்படி உள்ளே வருகிறது? நம் வேலையில் முக்கியமான வழி பென் டிரைவ். வினாத்தாளை வீட்டில் தயாரித்து ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கிறோம். அந்தக் கணினியில் நாள் முழுக்க ஊரில் உள்ளவர்களின் பென் டிரைவ் எல்லாம் போய்வருகிறது. வீட்டுக்கு வந்து திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். நம் கோப்புகள் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். அந்த ஷார்ட்கட்டைச் சொடுக்கினால் கோப்பும் திறக்கும், வைரஸும் கணினிக்குள் ஏறிவிடும். கோப்புதான் திறந்துவிட்டதே என்று நாமும் வேலையைப் பார்ப்போம். எனவே, கடைக்கென்று ஒரு பென் டிரைவைத் தனியாக வையுங்கள். அச்செடுக்க வேண்டிய கோப்பு மட்டும் அதில் போகட்டும். திரும்பி வந்ததும் எதையும் சொடுக்காமல் ஸ்கேன் செய்து, ஃபார்மட் செய்துவிடுங்கள். மாணவர் பட்டியல் உள்ள பென் டிரைவ் கடைப்பக்கமே போக வேண்டாம்.

இன்னொரு வழி, 'இலவசம்'. காசு கட்டாமல் விண்டோஸையும் ஆஃபீஸையும் திறந்துதரும் ஆக்டிவேட்டர்கள், 'முதலில் ஆன்டிவைரஸை அணைத்துவிடு' என்று சொல்லும். காவல்காரனை அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவேன் என்கிற விருந்தாளியை யார் சேர்ப்பார்கள்? தமிழ்த் தட்டச்சுக்காக முகம் தெரியாத தளங்களிலிருந்து எதையாவது இறக்குபவர்களும் நம்மில் உண்டு. அவசியமே இல்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும்.

ஆன்டிவைரஸ் எது வாங்கலாம் என்று எப்போதும் கேட்பார்கள். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரை அணைக்காமல் வைத்திருந்தாலே வீட்டுக்குப் போதும் என்பது என் கருத்து. இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒன்றாகப் போட்டால் ஒன்றோடொன்று மோதும். செர்ட்-இன் 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா, தொற்றை நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது.

ஆன்டிவைரஸைவிட அப்டேட் முக்கியம். 2017 மே 12-ஆம் தேதி உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை நினைவிருக்கும். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. இடையில் இரண்டு மாதம் இருந்தது. 'ரீஸ்டார்ட் லேட்டர்' என்று தள்ளிப்போட்டால் இப்படித்தான் ஆகும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினி என்றால் லினக்ஸ் போடலாம். களியக்காவிளையைத் தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில் லினக்ஸில்தான் பாடம் நடத்துகிறார்கள்.

வீட்டில் பிள்ளைகளும் அதே கணினியில் கேம் விளையாடுகிறார்களா? அவர்களுக்குத் தனிக் கணக்கு உண்டாக்கிக் கொடுங்கள். அட்மின் உரிமை இல்லாத சாதாரணக் கணக்காக அது இருக்கட்டும். நமக்கும் அன்றாட வேலைக்கு அப்படி ஒன்றே நல்லது. எதையாவது நிறுவ முயன்றால் கணினி அட்மின் கடவுச்சொல்லைக் கேட்கும். அந்த இடத்தில் ஒரு நிமிடம் யோசிப்போம். எமிஸ் கடவுச்சொல்லை பிரவுசரில் சேமிக்காதீர்கள். உளவு மென்பொருள் முதலில் தேடுவது அங்கேதான். பட்டியல் அனுப்பி, வேலை முடிந்ததும் வீட்டுக் கணினியிலிருந்து அழித்துவிடுங்கள். இல்லாத கோப்பை யாரும் எடுக்க முடியாது. வைத்திருந்தே ஆக வேண்டியதை ஒரு வெளி வட்டில் நகலெடுத்து, அதைக் கழற்றி பீரோவில் வையுங்கள். மாட்டியே வைத்திருந்தால் வான்னாக்ரை மாதிரியான ஒன்று வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

சந்தேகம் வந்தால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். கடவுச்சொற்களை அதே கணினியில் மாற்றாதீர்கள், வேறொன்றில் மாற்றுங்கள். மாணவர் விவரம் போயிருக்கலாம் என்றால் தலைமையாசிரியரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பெற்றோரை எச்சரிக்க அவருக்கு நேரம் வேண்டும். பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிவிடும்.

மடிக்கணினி கொண்டுவந்திருப்பவர்கள் தேநீருக்குப் பிறகு இருங்கள். சாதாரணக் கணக்கு உண்டாக்குவதை இங்கேயே செய்து பார்த்துவிடலாம்.